முதல் பழைய ராணுவ ரைபிள்: நம்பர் 4 லீ-என்ஃபீல்டா, கராண்டா, கே31-ஆ?

புதுப்பேரல்:

எல்லோருக்கும் வணக்கம். ஓஹையோவில் இருந்து கேட்கிறேன். பழைய ராணுவ ரைபிள் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். வெறுமனே பூட்டி வைக்க அல்ல. மாதம் ஒருமுறை ரேஞ்சில் 40, 50 தோட்டா சுட வேண்டும், பத்து வருஷம் கழித்தும் மதிப்புக் குறையக் கூடாது. மனதில் இருப்பவை நான்கு: .303 நம்பர் 4 லீ-என்ஃபீல்ட், எம்1 கராண்ட், சுவிஸ் கே31, ரஷ்ய மோசின்-நகாந்த் 91/30. இது போக, உள்ளூர்க் கடையில் ஒரு 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் கிடக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி முத்திரை, வரிசை எண் 6 லட்சத்துச் சொச்சம், விலை ஆச்சரியப்படும்படி குறைவு.

கடையில் கையில் எடுத்ததும் எதைப் பார்க்க வேண்டும்? பழைய ராணுவத் தோட்டா சுட்டால் பேரல் துருப்பிடித்துவிடும் என்பது உண்மையா? மரக்கட்டை அழுக்கேறி இருந்தால் தேய்த்து வார்னிஷ் அடிக்கலாமா?

வால்நட்கட்டை:

முதலில் அந்த 1903. விலை ஏன் குறைவு என்று கடைக்காரருக்குத் தெரியும். ஸ்பிரிங்ஃபீல்டில் செய்தவற்றில் வரிசை எண் 8,00,000-க்குக் கீழே இருப்பவை, ராக் ஐலண்டில் செய்தவற்றில் 2,85,507-க்குக் கீழே இருப்பவை, இரண்டையும் சுடக் கூடாது. அந்தக் காலத்தில் ரிசீவரை (பேரல் பொருந்தும் இரும்பு நடு உடல்) பழுக்கக் காய்ச்சும்போது சூட்டைக் கண்ணால் நிறம் பார்த்தே மதிப்பிட்டார்கள். வெயில் நாளில் ஒரு மாதிரி தெரியும், மேகமூட்டத்தில் வேறு மாதிரி தெரியும். அதனால் சில ரிசீவர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி, கண்ணாடி போல நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டன. தோட்டாவின் பின்பக்கம் கிழிந்து வாயு பின்னால் வந்தால், நல்ல ரிசீவர் வளையும் அல்லது வீங்கும். இது சில்லாகச் சிதறும். 1918-இல் இரட்டைச் சூட்டு முறை வந்த பிறகுதான் பிரச்சினை தீர்ந்தது. மறுபடி காய்ச்சிச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்த இரும்பை மீட்க வழியில்லை. சுவரில் மாட்ட வேண்டுமானால் வாங்கலாம். நீங்கள் கேட்பது அதுவல்ல.

இனி பொதுவாக. சேர்ப்பவன் பார்ப்பது முத்திரை, எண், கட்டை. சுடுபவன் பார்ப்பது பேரல். இரண்டும் வேண்டும் என்றால் பேரலில் இருந்து தொடங்குங்கள். முத்திரை தேய்ந்த ரைபிளைக் குறைந்த விலைக்காவது விற்கலாம், பேரல் போனதை ரேஞ்சுக்கு எடுத்துப் போய் என்ன செய்வது?

கடைக்குப் போகும்போது மூன்று பொருள்கள் பையில் இருக்கட்டும். சின்ன டார்ச், பருத்தித் துணித் துண்டுகளோடு சுத்தம் செய்யும் கம்பி, அந்தந்த ரகத்துக்கான குண்டோடு ஒரு டம்மி தோட்டா. மருந்தும், அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாத டம்மிதான். உயிருள்ள தோட்டாவைக் கடையில் வெளியே எடுக்காதீர்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு ஒரு துணியைப் பேரலுக்குள் ஓட்டுங்கள். முக்கால்வாசிக் கடைகளில் பேரல் கறுப்பாகத் தெரிவது தூசியும் காய்ந்த எண்ணெயும்தான். துடைத்த பிறகும் கறுப்புப் புள்ளிகள் நின்றால் அவை துருக்குழிகள். குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளத்தின் அடியில் சில புள்ளிகள் இருந்தால் பாதகமில்லை. மேட்டின் ஓரங்கள் மழுங்கி, பள்ளமும் மேடும் ஒன்றோடொன்று கரைந்தது போல் தெரிந்தால் அந்தத் துப்பாக்கியை வைத்துவிடுங்கள்.

அடுத்து பேரலின் வாய். டம்மியின் குண்டு முனையை வாய்க்குள் மெதுவாக விடுங்கள். குண்டின் உடல் பகுதி கொஞ்சம் வெளியே தெரிய, அது நின்றுவிட வேண்டும். பித்தளை உறையின் கழுத்து வந்து பேரலில் முட்டும் வரை உள்ளே இறங்கினால் வாய் தேய்ந்துவிட்டது. பெரும்பாலும் சுட்டதால் தேய்ந்ததில்லை. முன்பக்கமிருந்து கம்பியை விட்டு, அல்லது கயிற்றைச் சாய்த்து இழுத்து, வருஷக்கணக்கில் சுத்தம் செய்ததால் தேய்ந்தது. இந்தச் சோதனை பூரணமானதல்ல, ஆனால் மோசமானதைக் கழித்துவிடும். மோசினில் மட்டும் ஒரு ஏமாற்று உண்டு: தேய்ந்த வாயை ஓர் அங்குலத்துக்கு மேல் துளையைப் பெரிதாக்கிக் கடைந்திருப்பார்கள். அதில் இந்தச் சோதனை செல்லாது. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே படிக்கட்டு மாதிரி தெரியும். அது குறையல்ல, ராணுவப் பட்டறையில் செய்த பழுதுதான், நன்றாகவே சுடும்.

நம்பர் 4 பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் கண்ணுக்குத் தெரியாத விஷயங்கள் அதிகம்.

போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை) கைப்பிடியின் பின்புறம் உள்ள எண்ணும் ரிசீவரின் இடப்பக்கத்து எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சேர்ப்பவர்களுக்கு அது அழகு, சுடுபவனுக்கு அது பாதுகாப்பு. லீ-என்ஃபீல்டின் பூட்டுக் காதுகள் போல்ட்டின் பின்பகுதியில் இருக்கின்றன. இரண்டு காதும் ஒரே அழுத்தத்தில் ரிசீவரில் உட்காரும்படி தொழிற்சாலையில் பொருத்தியிருப்பார்கள். வேறு ரைபிளின் போல்ட்டைப் போட்டால் ஒரு காது மட்டும் சுமை தாங்கும், குறி பக்கவாட்டில் அலையும்.

.303 தோட்டா விளிம்பில் உட்காரும் ரகம். அதனால் ஹெட்ஸ்பேஸ் என்பது போல்ட் முகத்துக்கும் பேரலின் பின்முகத்துக்கும் இடையிலான தூரம். ராணுவ அளவு 0.064 அங்குலத்தில் இருந்து 0.074 வரை. நம்பர் 4-இல் போல்ட் தலை தனியாகக் கழலும். 0, 1, 2, 3 என்று எண் அடித்திருக்கும், எண் ஏற ஏற நீளம் ஒரு நூலளவு கூடும். தேய்மானத்தைத் தலையை மாற்றியே சரிக்கட்டிக்கொள்ளலாம். தலையில் 0 அல்லது 1 இருந்தால் இன்னும் வாழ்வு இருக்கிறது. 3 இருந்தும் 0.074 கேஜ் (அளவுக்கட்டை) மேல் போல்ட் மூடினால், வேறு தலைக்கு இடமில்லை, ரிசீவர் களைத்துவிட்டது.

கனடாவின் லாங் பிராஞ்சும் அமெரிக்காவின் சேவேஜும் செய்தவை பெரும்பாலும் மார்க் 1 ஸ்டார். செலவைக் குறைக்க, போல்ட் தலை ஓடும் தண்டவாளத்திலேயே ஒரு வெட்டு வெட்டி அதன் வழியாகப் போல்ட்டைக் கழற்றும்படி செய்தார்கள். அந்த வெட்டின் ஓரம் சில ரைபிள்களில் உடைந்திருக்கும். போல்ட்டை வேகமாகப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். தலை தண்டவாளத்தை விட்டுத் துள்ளி எழுந்தால் இதுதான் காரணம், அதற்கு வெல்டிங்கை விட்டால் வேறு வைத்தியமில்லை. 1949-க்குப் பிறகு வந்த மார்க் 2-இல் இந்த வெட்டு கிடையாது. விசையும் முன்கட்டையோடு திருகிய விசைக்காப்பில் இல்லாமல் ரிசீவரிலேயே தொங்குகிறது. முன்கட்டை மழையில் ஊறினாலும் விசையின் இழுப்பு மாறாது. சுடுவதற்கு மட்டும் ஒன்று சொல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு மார்க் 2 என்பேன்.

கட்டை சுருங்குவதுதான் குறி கலைவதற்கு முதல் காரணம். முன்கட்டையின் பின்முகம் ரிசீவரில் இறுக்கமாக முட்டி நிற்க வேண்டும். பேரலின் முன்பகுதியைக் கட்டை கீழிருந்து சுமார் 3 முதல் 5 பவுண்டு அழுத்தத்தில் தாங்க வேண்டும். வாய்ப் பக்கத்தில் பேரலை விரலால் மேலே தூக்கி விடுங்கள். சற்று எதிர்ப்போடு எழுந்து திரும்ப உட்கார்ந்தால் சரி. லொடலொடவென்று ஆடினால் 100 கெஜத்தில் ஆறங்குல வட்டத்துக்குள் அடிப்பதே கஷ்டம். அப்போது பேரலைக் குறை சொல்லாதீர்கள். முன்திருகைச் சுற்றியுள்ள சின்னக் குழாய் கட்டையை விட நீளமாக நிற்கிறதா என்று பாருங்கள். கட்டை சுருங்கியிருந்தால், திருகை எவ்வளவு முறுக்கினாலும் அந்தக் குழாய்தான் இறுகும், கட்டை இறுகாது.

நம்பர் 4-க்கு முந்தைய எஸ்எம்எல்இ ரக லீ-என்ஃபீல்டாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. பின்கட்டையைக் கழற்ற நினைத்தால் முதலில் முன்கட்டையைக் கழற்றுங்கள். பின்கட்டைத் திருகின் சதுர முனை முன்கட்டையில் உள்ள தகட்டுக்குள் நுழைந்து நிற்கும். அப்படியே திருப்பினால் முன்கட்டையின் பின்பகுதி பிளந்துவிடும். சந்தையில் வரும் பிளந்த முன்கட்டைகளில் பாதி இப்படி வந்தவைதான் என்பது என் அனுமானம்.

பார்வை: முன்சைட் பிளேடு 0.015 அங்குல இடைவெளியில் பல உயரங்களில் வரும். சைட் இடைவெளி சுமார் 28.7 அங்குலம் என்பதால், ஒரு படி மாற்றினால் 100 கெஜத்தில் ஏறத்தாழ 1.9 அங்குலம் நகரும். குண்டு உயரே போனால் உயரமான பிளேடு. பலர் தலைகீழாக மாற்றிவிட்டு ரேஞ்சில் முழிப்பார்கள்.

த்ரீநாட்த்ரீ:

மேலே உள்ளதோடு இரண்டு சேர்க்கை.

முதலாவது: பேரலுக்குள் ஈயக் குண்டைத் தட்டி ஓட்டி, அதை அளந்து பார்ப்பவர்கள் கவனிக்க. என்ஃபீல்ட் பேரல் ஐந்து பள்ளம். ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும். அதனால் சாதாரண வெர்னியரால் பள்ளத்தின் விட்டத்தை நேராக அளக்க முடியாது; அளந்தால் குறைவாகத்தான் காட்டும். போர்க்கால லாங் பிராஞ்ச், சேவேஜ் பேரல்களில் பல இரண்டே பள்ளம் கொண்டவை. அவற்றை அளப்பது சுலபம், செம்பு உறை போட்ட குண்டுகளோடு சுடவும் குறைவில்லை.

இரண்டாவது: தோட்டாவை மறுபடி நிரப்புபவர்களுக்கு .303 ஒரு தலைவலி. சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, தாராளமாக வெட்டப்பட்டது. சேற்றுப் போர்க்களத்தில் சிக்காமல் இருக்கட்டும் என்ற நோக்கம். ராணுவத்துக்கு பித்தளை உறை ஒருமுறைப் பொருள். நாம் அதையே நாலைந்து முறை பயன்படுத்தப் பார்க்கிறோம். முதல் சுடுதலிலேயே உறை நீண்டுவிடும், நீள்வது அடிப்பகுதிக்குக் கொஞ்சம் மேலே. ஒவ்வொரு முறையும் முழு உடலையும் டையில் (உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சு) இறுக்கி, மறுபடி சுட்டு நீட்டினால், மூன்றாவது நாலாவது முறையில் தலை தனியாகப் பிரிந்து, உடல் சேம்பருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கண்டுபிடிக்கும் வழி: பேப்பர் கிளிப்பை நேராக்கி, நுனியை மட்டும் சின்னதாக மடக்கி, காலி உறைக்குள் விட்டு அடியிலிருந்து மேலே உரசிக்கொண்டே வாருங்கள். அடியிலிருந்து கால் அங்குலம், மூன்றில் ஒரு பங்கு அங்குலம் உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்த உறையைக் குப்பையில் போடுங்கள். வெளியே அதே இடத்தில் வெளிச்சமான வளையம் தெரியும். தவிர்க்கும் வழி: அதே ரைபிளுக்கென்று உறைகளை ஒதுக்கி, கழுத்தை மட்டும் இறுக்குவது. முதல்முறை சுடும்போது விளிம்புக்கு முன்னால் ஒரு மெல்லிய ரப்பர் வளையம் மாட்டிச் சுடுபவர்களும் உண்டு. உறை போல்ட் முகத்தோடு ஒட்டி நிற்கும், நீட்சி தோள் பக்கம் போய்விடும். மருந்தின் எடையை எந்தப் பதிவிலும் பார்த்து நிரப்பாதீர்கள், இதையும் சேர்த்துத்தான். அச்சிட்ட கையேட்டில் குறைந்த அளவில் தொடங்குங்கள். பழைய ராணுவ மார்க் 7 தோட்டா 174 கிரெயின் எடையுள்ள குண்டு, நொடிக்கு 2,440 அடி. பின்சைட் அந்த வேகத்துக்குக் குறிக்கப்பட்டது என்பதால் அதைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.

மேகசின் 10 தோட்டா. நிரப்பும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போனால் போல்ட் தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ‘என் ரைபிள் சிக்குகிறது’ என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் பதில்.

எட்டுத்தோட்டா:

ஓஹையோ என்றால் கராண்டைத் தள்ளிப்போடாதீர்கள். துப்பாக்கிப் போட்டிகள் நடக்கும் கேம்ப் பெரி உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. சிஎம்பி (பொதுமக்களுக்கான துப்பாக்கி சுடும் பயிற்சி அமைப்பு) நடத்தும் கராண்ட் போட்டி 200 கெஜம்: படுத்து நிதானமாகப் 10, படுத்து வேகமாகப் 10, நின்று 10, ஆக மொத்தம் 300 புள்ளி. ரைபிள் ராணுவத்தில் கொடுத்த நிலையில் இருந்தால் போதும், தொலைநோக்கி எதுவும் கூடாது. பழைய ரைபிளைச் சேர்ப்பவனுக்கும் சுடுபவனுக்கும் ஒரே இடத்தில் வேலை கொடுக்கும் போட்டி வேறு எனக்குத் தெரியவில்லை.

வாங்குவதும் சிஎம்பி-யிடமே நல்லது. அலபாமாவின் ஆனிஸ்டனில் அவர்கள் கடை. ஒவ்வொரு ரைபிளுக்கும் இரண்டு எண்ணைக் கேஜ் வைத்து அளக்கிறார்கள்: பேரல் வாயின் தேய்மானம், தொண்டையின் (பேரலில் தோட்டாவுக்கு அடுத்துள்ள தொடக்கப் பகுதி) தேய்மானம். சர்வீஸ் தரத்தில் வாய் 3-க்குள், தொண்டை 5-க்குள். வாய் எண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள். தொண்டை 5 ஆனாலும் வாய் 1 என்றால் நன்றாகச் சுடும். தலைகீழாக இருந்தால் சுடாது.

தனியாரிடம் வாங்கினால்: விசைக்காப்பு வளையத்தை மூடும்போது கடைசிக் கொஞ்ச தூரத்தில் உள்ளங்கையால் அழுத்த வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். விரலால் தட்டியதும் மூடினால் கட்டை அமுங்கிவிட்டது, ரிசீவர் ஆடும். கேஸ் பிஸ்டன் (சுட்ட வாயு தள்ளி ரைபிளைத் தானே இயக்கும் உறுப்பு) முனை 0.525 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, சிலிண்டர் 0.532-க்குக் கூடக் கூடாது. இரண்டும் எல்லையில் இருந்தால் வாயு கசிந்து ரைபிள் சோம்பேறியாகும், காலி உறை பாதியில் நிற்கும்.

சாய்ப்புச் சோதனை தெரியுமா? சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, ஆப்பரேட்டிங் ராடையும் (பிஸ்டனின் தள்ளலைப் போல்ட்டுக்குக் கொடுக்கும் தண்டு) போல்ட்டையும் இடத்தில் வைத்து, வாயை மேலே 60 பாகை தூக்குங்கள். ராட் தன் எடையிலேயே வழுக்கிப் பின்னால் போக வேண்டும். வாயைக் கீழே சாய்த்தால் தானே முன்னுக்கு வர வேண்டும். எங்காவது நின்றால், அங்கே பளபளவென்று உரசல் தடம் இருக்கும். பெரும்பாலும் கட்டையின் உள்விளிம்பு. மரத்தைத்தான் சுரண்ட வேண்டும், ராடை அல்ல. அந்த ராட் பார்க்க வளைந்துதான் இருக்கும், அந்த வளைவு வடிவமைப்பிலேயே உள்ளது. நேராக்கிவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு.

தோட்டா விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். கடையில் விற்கும் 180 கிரெயின் வேட்டைத் தோட்டா இதற்கு வேண்டாம். பிரச்சினை சேம்பர் அழுத்தம் அல்ல. மெதுவாக எரியும் மருந்து, குண்டு வாயு ஓட்டையைத் தாண்டும் நேரத்தில் அங்கே அதிக அழுத்தத்தை விட்டுவைக்கும். ராட் அடித்து வளையும், ரிசீவரின் பின்புறமும் அடிவாங்கும். பெட்டியில் எம்1 கராண்டுக்கு என்று எழுதிய 150 கிரெயின் தோட்டா வாங்குங்கள். அல்லது வாயுவைக் குறைக்கும் திருகு வைத்த மூடி ஒன்று வாங்கி மாட்டுங்கள். பழைய மூடியைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும் நாளில் கேட்பார்கள்.

எண்ணெய் வேண்டாம், கிரீஸ் போடுங்கள். போல்ட்டின் பூட்டுக் காதுகள், ராடின் கைப்பிடிக்குள் காது ஓடும் வளைவுப் பள்ளம், ரிசீவரில் ராட் ஓடும் தடம், பேரலின் அடிப்பக்கம் ராட் உரசும் இடம். விரல்நுனியில் எடுத்துத் தேய்த்தால் உலோகம் கிரீஸுக்கு அடியில் தெரிய வேண்டும், அவ்வளவே. கேஸ் சிலிண்டருக்குள் மட்டும் எதுவும் வேண்டாம். அங்கே போட்டது கரியாகி ஒட்டிக்கொள்ளும்.

கட்டைவிரல் நசுங்கும் கதை எல்லோரும் சொல்வார்கள். அது நடப்பது பெரும்பாலும் எட்டுத் தோட்டா கிளிப்பை அழுத்தும்போதல்ல. காலி ரைபிளை மூடும்போதுதான். தோட்டாத் தட்டை விரலால் அழுத்தியதும் போல்ட் விடுபட்டு ஓடிவரும். வலக் கையின் ஓரத்தால் ராட் கைப்பிடியைப் பின்னுக்குத் தாங்கிக்கொண்டே, கட்டைவிரலால் தட்டை அழுத்தி, விரலை எடுத்த பிறகே கையை விடுங்கள்.

ஜிபி11:

கே31-ஐ யாரும் தொடவில்லையே. சுருக்கமாகச் சொல்கிறேன், அதில் சொல்ல அவ்வளவு குறை இல்லை.

பெர்னில் 1933-இலிருந்து 1958 வரை 5,28,230 ரைபிள். போரில் அடிபடாத நாடு, அதனால் பேரல்கள் நல்ல நிலையில்தான் பெரும்பாலும் இருக்கும். நேராக இழுத்து நேராகத் தள்ளும் போல்ட். 6 தோட்டா. பின்சைட் மீட்டரில். விசை இரண்டு கட்டம், நான்கிலும் இதுவே சுத்தமானது. பின்தகட்டைக் கழற்றினால் அடியில் அந்த ரைபிளை வைத்திருந்த வீரரின் பெயர்ச் சீட்டு பலவற்றில் இன்னும் கிடைக்கும். அதை எடுத்துத் தனியே வைக்காதீர்கள், அது இருக்க வேண்டிய இடம் அங்கேதான்.

சிக்கல் ஒன்றே: ராணுவ ஜிபி11 தோட்டா அற்புதமானது, துருவும் பிடிக்காது, ஆனால் வரத்துக் குறைந்துகொண்டே வருகிறது. உறை பெர்டான் ப்ரைமர் என்பதால் சாதாரணமாக நிரப்பவும் முடியாது. செர்பிய பிபியு உறை வாங்கி நிரப்ப வேண்டும். நிரப்பும்போது என்ஃபீல்டுக்குச் சொன்னதற்கு நேர் எதிராக, உடல் முழுவதையும் இறுக்குங்கள். நேரிழுப்புப் போல்ட்டுக்கு நெம்பும் பலம் குறைவு. இறுக்கமான உறை உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

புதுப்பேரல்:

எல்லோருக்கும் நன்றி. 1903-ஐ மறந்துவிட்டேன். மோசினைப் பற்றி யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை! கடையில் பார்த்ததில் போல்ட்டைத் திறக்கவே உள்ளங்கையால் அடிக்க வேண்டியிருந்தது. அது பழுதா? துரு, கட்டை இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. ஜன்னல் துடைக்கும் நீலத் திரவம் தெளித்தால் துரு வராது என்று ஒருவர் சொன்னார்.

கிரீஸ்டப்பா:

மோசின் போல்ட் பழுதில்லை. சேம்பருக்குள் அரை நூற்றாண்டு காஸ்மோலின் இருக்கிறது. கிடங்கில் வைக்கும்போது ரைபிள் முழுக்க அந்த மஞ்சள் பிசினைப் பூசினார்கள். சுட்டு சூடேறினால் அது உருகி உறையை ஒட்டிப் பிடிக்கும். ஐந்து தோட்டா வரை சரியாக இருந்து ஆறாவதில் போல்ட் ஒட்டுகிறது என்றால் இதுதான். மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த பெரிய அளவுப் பித்தளைத் தூரிகையை ஒரு துண்டுக் கம்பியில் மாட்டி, கை டிரில்லில் மெதுவாகச் சுழற்றி, சேம்பரில் மட்டும் ஒரு நிமிஷம். துணியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். அதே நேரத்தில் ஃபயரிங் பின்னின் (ப்ரைமரைத் தட்டும் ஊசி) நீட்சியையும் பாருங்கள். ரைபிளோடு வரும் சின்ன ஸ்பேனரில் 75, 95 என்று இரண்டு வெட்டு இருக்கும். பின் 75 வெட்டில் தட்ட வேண்டும், 95 வெட்டில் தட்டாமல் தாண்ட வேண்டும். போல்ட்டைக் கழற்றி மாட்டியவர்கள் இதைப் பார்க்காமல் விட்டால், குறைந்தால் தோட்டா வெடிக்காது, கூடினால் ப்ரைமர் துளைந்து வாயு பின்னால் வரும்.

துரு. பழைய ப்ரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. எரிந்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. கிட்டத்தட்ட சமையல் உப்பின் சகோதரன். உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் மழைக்காலத்தில் என்ன ஆகும்? அதேதான் பேரலுக்குள்ளும் நடக்கிறது, காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்கிறது. ஈரப்பதமான ஊரில் ஒரே ராத்திரி போதும்.

உப்பை எண்ணெய் கரைக்காது, சாதாரண கரைப்பானும் கரைக்காது. தண்ணீர் மட்டும்தான். நீலத் திரவம் வேலை செய்வது போல் தோன்றுவது அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால். அதிலுள்ள அம்மோனியா உப்பை எதுவும் செய்யாது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டாம்.

ரேஞ்சை விட்டுக் கிளம்பும் முன்: போல்ட்டைக் கழற்றுங்கள். வாயைக் கீழே சாய்த்து, சேம்பரில் சின்னப் புனல் வைத்து, பிளாஸ்கில் கொண்டுபோன கொதிநீர் அரை லிட்டர். கட்டைக்குள் வழியாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள். கொதிநீர் என்பதற்குக் காரணம் உப்பு வேகமாகக் கரையும் என்பதும், பேரல் சூடாகித் தானே உலரும் என்பதும். இரண்டு துணி ஓட்டி ஈரத்தை எடுங்கள். போல்ட் முகம், பின்னின் நுனி, எக்ஸ்ட்ராக்டரின் (உறையை வெளியே இழுக்கும் கொக்கி) அடிப்பக்கம் இவற்றையும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள்; பேரலைக் கழுவிவிட்டு இவற்றை மறப்பவர்கள்தான் அதிகம். கராண்டாக இருந்தால் கேஸ் சிலிண்டரும் பிஸ்டனும் சேரும். வீட்டுக்கு வந்து வழக்கமான கரைப்பான், பிறகு எண்ணெய். மறுநாள் ஒரு வெள்ளைத் துணி ஓட்டுங்கள். ஆரஞ்சு நிறம் வந்தால் திரும்பத் தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கட்டை. தேய்க்காதீர்கள். உப்புத்தாள் பட்ட அடுத்த நொடி ஆய்வாளர் முத்திரை போய்விடும், அதோடு மதிப்பில் கணிசமான பங்கும் போய்விடும். நிறம் கறுத்த மரம், கைப்பிடி இடத்து வழவழப்பு, எல்லாம் விலையின் பகுதி. மினரல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அழுக்கை மட்டும் எடுங்கள். பிறகு கொதிக்க வைக்காத ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டில் தேய்க்கும் அளவுக்கு மட்டும், அரைமணி கழித்து மீந்ததைத் துடைத்துவிடுங்கள். குழிவிழுந்த இடத்தை ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டி நுனியால் ஆவி கொடுத்தால் மர நார் எழும். ஆனால் முத்திரையும் ஒரு குழிதான், அதன் பக்கத்தில் ஆவி காட்டினால் அதுவும் எழுந்து மறைந்துவிடும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

விசாக்காரன்:

எனக்கும் ஆசை, எச்-1பி விசாவில் இருக்கிறேன். சிஎம்பி-யில் வாங்க முடியுமா? ஊருக்குத் திரும்பும்போது எடுத்துப்போகலாமா? சின்ன வயதில் காவலர் தோளில் பார்த்த அதே .303 வேண்டும் என்று தோன்றுகிறது.

வால்நட்கட்டை:

சிஎம்பி அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே விற்கிறது. கடையிலும், குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி தடை. விலக்குகள் சில உண்டு, செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் அவற்றில் ஒன்று. மன்றத்தில் எழுதியதை நம்பி இதில் இறங்காதீர்கள், வக்கீலிடம் ஒருமுறை கேளுங்கள். தவறினால் போவது ரைபிள் மட்டும் அல்ல, விசாவும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் தொடர்ந்து சேர்க்கப்போகிறார்கள் என்றால், பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம் எடுத்துக்கொள்ளலாம்: மூன்று வருஷத்துக்கு 30 டாலர், 50 வருஷத்துக்கு மேற்பட்ட ரைபிள் நேராக வீட்டுக்கே வரும். வாங்கியதையும் விற்றதையும் ஏட்டில் எழுதிவர வேண்டும்.

இந்தியாவுக்கு எடுத்துப்போகும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் .303 தடைசெய்யப்பட்ட ரகம், பொதுமக்களுக்கு உரிமம் கிடைக்காது. அதனால்தான் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை அதே லீ-என்ஃபீல்ட் பாணி போல்ட்டில் .315 என்று பொதுமக்களுக்கான ரைபிளைச் செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்திருக்கக்கூடியதும் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.

அந்த ஞாபகத்துக்கு அருகில் அமெரிக்காவில் கிடைப்பது இஷாப்பூர் 2ஏ1. பார்க்கப் பழைய எஸ்எம்எல்இ மாதிரியே இருக்கும், ஆனால் 1960களில் 7.62 நேட்டோ தோட்டாவுக்காக மேம்பட்ட உருக்கில் புதிதாகச் செய்தது. சதுரமான 12 தோட்டா மேகசினைப் பார்த்ததும் அடையாளம் தெரியும். பழைய .303-ஐத் துளை மாற்றியது என்று விற்பவர்கள் சொல்வது தவறு.

புதுப்பேரல்:

நேற்று ஒரு நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் பார்த்தேன், லாங் பிராஞ்ச். எண்கள் ஒன்று. போல்ட் தலையில் 1. இரண்டு பள்ளம், வாய்ச் சோதனையில் குண்டு நன்றாக நின்றது. தலை தண்டவாளத்தில் துள்ளவில்லை. ஆனால் முன்கட்டை லொடலொட, விரலால் தூக்கினால் எதிர்ப்பே இல்லை. வாயருகே பேரலில் சின்ன இறக்குமதி முத்திரை. விடவா, எடுக்கவா?

த்ரீநாட்த்ரீ:

எடுங்கள், முத்திரையைக் காட்டி விலையைக் குறைத்து. இறக்குமதி முத்திரை சேர்ப்பவனுக்குத்தான் உறுத்தும், குண்டுக்கு அது தெரியாது. முன்கட்டைக்கு, அந்தச் சின்னக் குழாயை வெளியே எடுத்து, தட்டையான அரத்தில் ஒரு சமயத்தில் இரண்டு மூன்று இழுப்பு மட்டும் தேய்த்து, மாட்டித் திருகிப் பாருங்கள். கட்டை இறுகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகும் முன்னால் அழுத்தம் வரவில்லை என்றால், பேரலுக்கும் கட்டையின் முன்முனைக்கும் நடுவே விசிட்டிங் கார்டைக் கிழித்து ஒரு துண்டு வைத்து 100 கெஜத்தில் பத்துத் தோட்டா சுடுங்கள். வட்டம் பாதியானால் கட்டைதான் காரணம் என்று உறுதி, அப்புறம் அட்டைக்குப் பதில் மெல்லிய மரச்சீவலை ஒட்டிக்கொள்ளலாம். அந்தக் குழாய் பழைய உதிரிக் கடைகளில் தனியாகவும் கிடைக்கும், அரத்தை எடுக்கும் முன் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.